மெதுவாக வைக்கும் ஓர் அடி

சிங்கப்பூரில் எந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டையிலும் காலை ஏழு மணிவாக்கில் நடந்து பாருங்கள். புளோக்கின் கீழ்த்தளத்திலோ கூடைப்பந்துத் திடலிலோ இருபது முப்பது பேர் வரிசையாக நிற்பார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். சின்ன ஒலிபெருக்கியில் சீன இசை ஓடிக்கொண்டிருக்கும். எல்லாரும் ஒன்றாக ஒரு காலை எடுத்து முன்னே வைப்பார்கள், இடுப்பைத் திருப்புவார்கள், கைகளை விரிப்பார்கள். ஓர் அடி வைத்து முடிக்க நாலைந்து நொடி எடுத்துக்கொள்வார்கள். பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவிலும் பீஷான் பூங்காவிலும் இதே காட்சிதான்.

வேலைக்குப் போகிற அவசரத்தில் இவர்களைக் கடந்துபோகும் நம்மவர் பலருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். இதை உடற்பயிற்சி என்று சொல்லலாமா? மூச்சு வாங்கவில்லை. சட்டை நனையவில்லை. எடை எதையும் தூக்கவில்லை. பக்கத்துப் பாதையில் ஓடுகிறவர் அரை மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் போய்விடுகிறார். இவர்கள் நின்ற இடத்தைவிட்டுப் பத்து அடிகூட நகரவில்லை. ஆனாலும் வயதானவர்கள் கீழே விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று தேடிய மருத்துவ ஆய்வாளர்கள், கடந்த முப்பது ஆண்டுகளில் மறுபடி மறுபடி வந்து நின்ற இடம், தாய்ச்சி என்னும் சீனப் பயிற்சியைச் செய்யும் இந்த வரிசைதான்.

இவ்வளவு மெதுவான ஓர் அசைவு உடலுக்கு அப்படி என்னதான் செய்கிறது? ஒரே ஓர் அடியைக் கூர்ந்து பார்த்தால் போதும், விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

எப்படி விழுகிறோம்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறந்தவர்களில் பெரும்பகுதி முதியவர்கள். உயிர் தப்பினாலும் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. நம் வீடுகளில் தாத்தாவோ அப்பத்தாவோ படுக்கையில் விழுந்த கதையைக் கேட்டால், பெரும்பாலும் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க, அதுலேர்ந்துதான்" என்று தொடங்கும்.

ஆனால் வழுக்கித்தான் விழுகிறார்களா? விழுந்தவரைக் கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஆய்வாளர்கள் இதற்கு நேரான ஒரு வழியைக் கண்டார்கள். இரண்டு முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் கேமராக்களைப் பொருத்தி, 130 பேர் விழுந்த 227 சம்பவங்களைப் படமாகப் பார்த்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2013இல் வெளிவந்தன. வழுக்கி விழுந்தவை வெறும் 3 சதவீதம். தடுக்கி விழுந்தவை 21 சதவீதம். முதலிடம் பிடித்த காரணத்தை யாரும் அவ்வளவாக எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 41 சதவீத வீழ்ச்சிகளில் தரை மேலும் குற்றமில்லை, செருப்பு மேலும் குற்றமில்லை. அவர்கள் தங்கள் உடல் எடையை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும்போது அளவு தவறியிருந்தது.

நாற்காலியிலிருந்து எழும்போது, திரும்பும்போது, அலமாரியில் எதையோ எட்டி எடுக்கும்போது, உட்காரப் போகும்போது. நாள் முழுக்க நாம் செய்கிற, ஒருபோதும் கவனித்துச் செய்யாத வேலை இது. இதை இந்த அத்தியாயத்தில் எடை மாற்றம் என்று அழைப்போம்.

நிற்பது என்ற வேலை

நின்றுகொண்டிருக்கும் மனித உடலின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அதுதான் ஈர்ப்பு மையம். நிமிர்ந்து நிற்கும்போது அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்கு உள்ளே, முதுகெலும்பின் அடிப்பகுதிக்கு முன்னால் இருக்கும். இரண்டு பாதங்களையும் சுற்றி ஒரு கோடு வரைந்தால் கிடைக்கும் பரப்பு தாங்குதளம். ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே ஒரு நூலைத் தொங்கவிட்டால், அது தாங்குதளத்துக்குள் விழும்வரை நாம் நிற்கிறோம். வெளியே போய்விட்டால், உடனே காலை எடுத்து அங்கே வைக்க வேண்டும், அல்லது எதையாவது பிடிக்க வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் விழ வேண்டியதுதான்.

அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதுகூட உடல் முன்னும் பின்னும் இலேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது. கெண்டைக்கால் தசைகள் ஓயாமல் அதை இழுத்துப் பிடித்துச் சரிசெய்கின்றன. இரண்டு காலில் நிற்கும்வரை இது சுலபம். சிக்கல் ஒரு காலைத் தூக்கும்போதுதான் வருகிறது. தாங்குதளம் ஒரே பாதத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். நீளம் இருபத்து மூன்று, இருபத்து நான்கு சென்டிமீட்டர். அகலம் ஒரு கையளவு.

அப்படியானால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் ஒரு கால் மேலே இருக்கிறதே, எப்படிச் சமாளிக்கிறோம்?

இங்கேதான் நடையின் தந்திரம் இருக்கிறது. சாதாரணமாக நடக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 110 அடி வரை வைக்கிறார். ஓர் அடிக்கு அரை நொடி சொச்சம். பாதங்களுக்கு நடுவே பக்கவாட்டில் சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். ஊன்றிய பாதத்தின் நேர் மேலே ஈர்ப்பு மையம் வந்து நிற்க வேண்டுமென்றால், நடுக்கோட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் நகர வேண்டும். ஆனால் அது இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் அளவே அசைகிறது. அதாவது, நடக்கும்போது நம் ஈர்ப்பு மையம் ஊன்றிய பாதத்தின் நேர் மேலே வந்து உட்காருவதே இல்லை. உடல் மறுபக்கம் சரியத் தொடங்கும். தூக்கிய கால் அதற்குள் அங்கே போய்த் தாங்கிக்கொள்ளும். ஒவ்வோர் அடியும் தொடங்கி நிறுத்தப்பட்ட ஒரு வீழ்ச்சி. வேகம் இருக்கும்வரை இந்தத் தந்திரம் அற்புதமாக வேலை செய்கிறது.

பொங்கல் விளையாட்டுகளில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி வைப்பார்களே, நினைத்துப் பாருங்கள். கடைசியாக வருகிறவருக்குப் பரிசு. தினமும் சைக்கிளில் பறக்கிற இளைஞர்கள் பாதித் தூரத்திலேயே காலை ஊன்றிவிடுவார்கள். வேகம் தருகிற நிலைப்பை எடுத்துவிட்டால், ஓட்டுகிறவரின் சொந்தத் திறமை எவ்வளவு என்பது தெரிந்துவிடுகிறது. தாய்ச்சியும் வேகத்தின் உதவியை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டு, பிறகு நடக்கச் சொல்கிறது.

ஓர் அடியைப் பிரித்துப் பார்ப்போம்

இன்று உலகமெங்கும் தொடக்க வகுப்புகளில் பரவலாகக் கற்றுத்தரப்படும் தொடர் 24 அசைவுகளைக் கொண்டது. முழுதாகச் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் ஆகும். அதில் இரண்டாவதாக வரும் அசைவுக்குக் 'காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல்' என்று பெயர். இடம், வலம், மறுபடி இடம் என மூன்று முறை அடி வைக்க வேண்டும். அதில் ஒரே ஓர் அடியை எடுத்துக்கொள்வோம். அறுபது கிலோ எடையுள்ள ஓர் அம்மா அதைச் செய்கிறார்.

முதலில் அவர் வலது காலின் மேல் மெல்ல அமர்கிறார். முழங்கால் சற்று மடிந்திருக்கிறது. இடது பாதத்தை இன்னும் தூக்கவில்லை. அதன் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அறுபது கிலோவும் வலது காலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இடது காலைத் தூக்க அவருக்கு அனுமதி. சாதாரண நடையில் நடக்காமலேயே போகிற காரியம் இங்கே நடந்துவிட்டது: ஈர்ப்பு மையம் ஊன்றிய பாதத்தின் நேர் மேலே வந்துவிட்டது.

இப்போது இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் தசைகள் கடுமையாக வேலை செய்கின்றன. அவை தளர்ந்தால் இடுப்பு மறுபக்கம் சாய்ந்துவிடும். ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த இடுப்பு மூட்டின் மேல் விழும் சுமை உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நம் அம்மாவுக்கு அது 120 கிலோவுக்கும் அதிகம். கையில் ஒரு பையும் இல்லாமலேயே இவ்வளவு.

முன்தொடைத் தசைகளும் சும்மா இல்லை. முழங்காலை நேராக நிறுத்திவிட்டால் எலும்பின் மேல் எலும்பு அடுக்கி நின்றுவிடும். தசைக்கு வேலையே இருக்காது. பேருந்து நிறுத்தத்தில் நாம் அப்படித்தான் நிற்கிறோம். தாய்ச்சியில் எடை தாங்கும் முழங்கால் முழுதாக நீளுவதில்லை. அதனால் ஐந்தாறு நிமிடத் தொடர் முடியும்வரை தொடைக்கு ஓய்வு கிடையாது. முதல் வகுப்பு முடிந்து வீடு திரும்புகிறவர்கள் படி ஏறும்போது தொடை நடுங்குவதைக் கண்டு ஆச்சரியப்படுவது இதனால்தான்.

அடுத்து இடது கால் முன்னே போகிறது. குதிகால் மட்டும் தரையைத் தொடுகிறது. இந்த நொடி எனக்கு மிகப் பிடித்தமானது. ஏனென்றால், அந்தக் குதிகாலில் ஏறத்தாழ எடையே இல்லை. ஆசிரியர் இப்போது "நில்லுங்கள்" என்றால் அம்மாவால் நிற்க முடியும். "காலைத் திரும்ப எடுங்கள்" என்றால் எடுக்கவும் முடியும். தரை ஈரமாக இருக்கிறதா, மேடு பள்ளமா என்று பாதம் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. பிடிக்கவில்லை என்றால் பின்வாங்குகிறது. சாதாரண நடையில் இந்த வாய்ப்பு இல்லை. பாதம் தரையைத் தொடும்போதே உடல் அதை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. தரை மோசமாக இருந்தாலும் இனி மாற்ற முடியாது.

பிறகு பாதம் முழுதாகப் படிகிறது. எடை கொஞ்சம் கொஞ்சமாக முன்காலுக்கு வருகிறது. நூற்றில் பத்துப் பங்கு, முப்பது, ஐம்பது, கடைசியில் ஏறத்தாழ எழுபது பங்கு. மீதி பின்காலில் தங்குகிறது. இரண்டு குதிகால்களும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது; பக்கவாட்டில் பத்து முதல் முப்பது சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். குறுகிய பலகையின் மேல் நடப்பதுபோல் வைத்தால் தாங்குதளம் மெலிந்து, உடல் பக்கவாட்டில் தள்ளாடும். புதிதாகக் கற்பவர்களின் முக்கால்வாசித் தள்ளாட்டத்துக்கு இந்த இடைவெளியைக் கோட்டைவிட்டதே காரணம் என்று நான் சொல்வேன்.

கணக்குப் பார்ப்போம். சாதாரண நடையில் ஒற்றைக் காலில் நாம் நிற்பது அரை நொடிக்கும் குறைவு. இந்த அடியில் இரண்டு மூன்று நொடி. அதுவும் மடித்த முழங்காலோடு, எடையை முழுதாக ஏற்றி, எந்த இடத்திலும் நிறுத்தக்கூடிய கட்டுப்பாட்டோடு. கனடாவில் கேமராவில் பதிவான அந்த 41 சதவீத வீழ்ச்சிகளை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செயலில் முதியவர்கள் தவறுகிறார்களோ, அதே செயலை எடுத்து, நொடிக்கணக்கில் நீட்டி, நூற்றுக்கணக்கான தடவை செய்ய வைக்கிறது தாய்ச்சி.

பாதம் அனுப்பும் செய்தி

தசை வலுவாக இருந்தால் மட்டும் போதாது. உடல் எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரிய வேண்டும். மூன்று வழிகளில் அது தெரிந்துகொள்கிறது. ஒன்று கண். இரண்டாவது உட்காது, அங்கேயுள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதையும், இரண்டு சிறு பைகள் தலை சாய்வதையும் உணர்கின்றன. மூன்றாவதற்கு உறுப்புணர்வு என்று பெயர் வைப்போம். இருட்டில்கூடச் சோற்றை வாய்க்குச் சரியாகக் கொண்டுபோக முடிகிறதே, அந்த உணர்வு. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ளங்காலின் தோலிலும் இருக்கும் நுண்ணிய உணரிகள், ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு மடிந்திருக்கிறது, பாதத்தின் எந்தப் பகுதியில் எவ்வளவு அழுத்தம் என்று ஓயாமல் தகவல் அனுப்புகின்றன.

வயதாக ஆக மூன்றும் மங்குகின்றன. உள்ளங்கால் உணர்வு மங்குவது நமக்கே தெரிவதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கலாம். அப்போது கண்ணை மட்டும் நம்பி நடக்கப் பழகிவிடுகிறோம். இரவில் விளக்கில்லாத நடைவழியில் கழிப்பறைக்குப் போகும்போது அந்தக் கண்ணும் கைவிடுகிறது.

மெதுவாக அடி வைக்கும்போது பாதத்திலிருந்து வரும் தகவலைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது. எடை குதிகாலிலிருந்து வெளிவிளிம்பு வழியாக விரல்களுக்கு நகர்வதை உணர முடிகிறது. ஹாங்காங் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட காலம் தாய்ச்சி பயின்ற முதியவர்கள், பயிலாதவர்களைவிடத் தங்கள் முழங்காலின் நிலையைத் துல்லியமாக உணர்ந்தார்கள். நின்ற இடத்திலிருந்து சாயச் சொன்னபோது, தடுமாறாமல் அதிக தூரம் சாய்ந்தார்கள். தங்கள் தாங்குதளத்தின் விளிம்பு எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏற்கெனவே நல்ல சமநிலை உள்ளவர்கள்தான் தாய்ச்சிக்கு வந்திருப்பார்களோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லக்கூடிய சோதனைகளுக்குப் பிறகு வருவோம்.

தலையிலிருந்து இடுப்பு வரை

முதுகு நிமிர வேண்டும், கூன் விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே தாய்ச்சி வகுப்பில் சேருகிறவர்கள் உண்டு. வகுப்பில் முதல் நாளே காதில் விழும் அறிவுரைகள் நாலைந்துதான். உச்சந்தலை மேலே எழும்பட்டும். தாடையைச் சற்று உள்ளே வாங்குங்கள். தோளை விடுங்கள், முழங்கை கீழே தொங்கட்டும். இடுப்பைத் தளர்த்துங்கள்.

தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அது கழுத்தெலும்புகளின் நேர் மேலே இருந்தால் பின்கழுத்துத் தசைகளுக்குப் பெரிய வேலை இல்லை. கைப்பேசியைப் பார்ப்பதுபோல் முன்னே நீண்டுவிட்டால், அந்தத் தசைகள் நாள் முழுக்க இழுத்துப் பிடிக்க வேண்டும். சமநிலைக்கும் தலை முக்கியம். கண்களும் உட்காதும் தலையில்தானே இருக்கின்றன. தலை ஆடினால் அவை தரும் தகவலும் குழம்பும். விழுந்துவிடுவோமோ என்று பயப்படும் முதியவர்கள் தரையைப் பார்த்தபடியே நடப்பார்கள். தலை தாழும், முதுகு வளையும், ஈர்ப்பு மையம் முன்னே நகரும். விழாமல் இருக்கச் செய்கிற காரியமே விழுவதற்கு வழி செய்துவிடுகிறது.

பயம் இன்னொன்றும் செய்கிறது: உடலை விறைக்க வைக்கிறது. கணுக்காலின் முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகினால், மூட்டு நுட்பமாகத் திருத்தங்கள் செய்ய முடியாமல் போகிறது. தோளை விடு, இடுப்பை விடு என்று ஆசிரியர்கள் சலிக்காமல் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. தளர்ந்து நிற்பது வேறு, தொய்ந்து நிற்பது வேறு. நாற்காலியில் சரிந்து கிடப்பவருடைய தசை தொய்ந்திருக்கிறது. தாய்ச்சியில் நிற்பவர் தேவையான தசையை மட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்.

ஹெனான் கிராமத்திலிருந்து

தாய்ச்சி முதலில் ஒரு போர்க்கலை. வூதாங் மலையில் ஜாங் சான்ஃபெங் என்ற துறவி பாம்பும் நாரையும் சண்டையிடுவதைப் பார்த்து உருவாக்கியதாக ஒரு கதை உண்டு. அழகான கதை, வரலாற்று ஆதாரம் கிடையாது. ஆதாரத்தோடு பேசக்கூடிய தொடக்கம் சீனாவின் ஹெனான் மாநிலம் வென் வட்டத்திலுள்ள சென் குலத்தாரின் கிராமம். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சென் வாங்டிங்கின் பெயரோடு அந்த மரபு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே கற்ற யாங் லூசான் அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திடீர் உதைகளையும் துள்ளல்களையும் குறைத்து, விரிந்த, ஒரே சீரான வேகத்தில் ஓடும் அசைவுகளாக அதை வடிவமைத்துப் பொதுமக்களுக்குக் கற்பித்தார். சென் பாணியில் இன்றும் மெதுவான அசைவுக்கு நடுவே மின்னல் வேகத்தில் ஒரு குத்து வரும். பூங்காக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் யாங் பாணி.

1956இல் சீன அரசின் விளையாட்டுக் குழு, யாங் பாணியின் நீண்ட தொடரைச் சுருக்கி 24 அசைவுகளாக்கியது. கோடிக்கணக்கானவர்களுக்கு எளிதாகக் கற்றுத்தர வேண்டும் என்பது நோக்கம். நாம் மேலே பிரித்துப் பார்த்த அடி அதில் இருக்கிறது. 2020இல் யுனெஸ்கோ தாய்ச்சியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தது.

சோதனையில் தேறியதா?

1990களில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் வுல்ஃப் குழுவினர் 70 வயதைத் தாண்டிய 200 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 15 வாரம் தாய்ச்சி. இன்னொன்றுக்குக் கணினியோடு இணைந்த, ஆட்டத்தை அளக்கும் மேடையில் சமநிலைப் பயிற்சி. மூன்றாவதுக்கு உடல்நலம் பற்றிய பேச்சும் கலந்துரையாடலும். தாய்ச்சிக் குழுவில் பலமுறை விழும் ஆபத்து 47.5 சதவீதம் குறைந்தது. முடிவு 1996இல் வெளிவந்தது.

அதில் ஒரு விசித்திரம். மேடையில் பயின்றவர்களின் உடல் ஆட்டம் குறைந்திருந்தது, ஆனால் அவர்கள் விழுவது குறையவில்லை. தாய்ச்சி பயின்றவர்களின் ஆட்டத்தில் பெரிய மாற்றம் இல்லை, ஆனால் விழுவது குறைந்தது. விழுவோமோ என்ற பயமும் குறைந்தது. ஆடாமல் நிற்பதும் விழாமல் இருப்பதும் ஒன்றில்லை என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். மரமாக நிற்கப் பழகுவதைவிட, ஆடும்போது எடையை எங்கே கொண்டுபோவது என்று தெரிந்திருப்பது முக்கியம்.

ஆரிகன் மாநிலத்தில் ஃபூஜோங் லீ என்ற ஆய்வாளர் இந்தத் துறைக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். அவர் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில் 670 பேர். எல்லாரும் 70 வயதைக் கடந்தவர்கள், முந்தைய ஆண்டில் விழுந்தவர்கள் அல்லது நடையில் சிரமம் உள்ளவர்கள். வாரம் இரண்டு வகுப்பு, 24 வாரம். அந்த ஆறு மாதத்தில், தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்த குழு 363 முறை விழுந்தது. நடை, தசைவலு, சமநிலை எல்லாம் கலந்த பயிற்சி பெற்ற குழு 218 முறை. சமநிலைக்கென்று அமைக்கப்பட்ட தாய்ச்சிக் குழு 152 முறை. குலுக்கல் முறையில் பிரித்ததால், நல்ல கால் உள்ளவர்கள்தான் தாய்ச்சிக்குப் போனார்கள் என்ற ஐயத்துக்கு இங்கே இடமில்லை.

பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் அதே குழு நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்விலும் சமநிலை மேம்பட்டது. பாஸ்டனில் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வந்தது; 12 வாரத் தாய்ச்சி, வழக்கமான பிசியோதெரபிக்கு இணையாக வலியைக் குறைத்தது.

எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவு பெரிய எண்கள் வருவதில்லை. 23,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 108 சோதனைகளை ஒன்றுதிரட்டிய 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டில், தாய்ச்சியால் விழுவது ஐந்தில் ஒரு பங்கு அளவு குறையலாம் என்று வந்தது. சமநிலையும் அன்றாட அசைவுகளும் சேர்ந்த மற்றப் பயிற்சிகளும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தன. ஆகவே தாய்ச்சி ஒன்றுதான் வழி என்று சொல்வதற்கில்லை. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கடும் பயிற்சி வேண்டுமென்றால் அதற்கு இது போதாது. இதன் உழைப்பு நிதானமாக நடப்பதற்குச் சமம்தான்.

வகுப்பில் என்ன நடக்கிறது

படம் பார்த்து வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு உறுப்புணர்விலிருந்தே பதில் சொல்லலாம். பல ஆண்டு கூன் போட்டு நின்றவருக்கு அந்தக் கூனே நேராகத் தெரியும். அவரை நிமிர்த்தி நிறுத்தினால் பின்னால் சாய்ந்திருப்பதாக உணர்வார். உள்ளிருந்து வரும் தகவலே பழக்கத்தால் தவறியிருக்கும்போது, வெளியிலிருந்து பார்க்க ஒரு கண் தேவை. நல்ல ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். அருகே வந்து இடுப்பில் இரண்டு விரல் வைத்து, இம்மியளவு திருப்பிவிட்டுப் போவார். அந்த இம்மி சரியானதும் தோள் தானாக இறங்கும்.

சமூக மன்ற வகுப்புகளிலும் பூங்காக் குழுக்களிலும் ஒரு வழக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். நன்றாகத் தெரிந்தவர்களை நான்கு மூலைகளில் நிறுத்தியிருப்பார்கள். தொடரின் நடுவே எல்லாரும் திரும்பும்போது ஆசிரியர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். அப்போது புதியவர் பார்த்துச் செய்ய எந்தத் திசையிலும் ஒருவர் முன்னால் இருக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு இது. புதியவர்கள் எப்போதும் நடுவில் நிற்க வேண்டும். கூச்சப்பட்டுக் கடைசி வரிசையின் ஓரத்துக்குப் போனால் கற்பது இரட்டிப்புக் கடினமாகும்.

அசைவுகளின் வரிசையை நினைவில் வைப்பதும் பயிற்சியின் பகுதிதான். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1997இல் ஒன்றைக் கண்டார்கள்: நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல நின்றுவிடும் முதியவர்கள், பின்னர் விழும் வாய்ப்பு அதிகம். நடையே அவர்கள் கவனம் முழுவதையும் தின்றுவிடுகிறது. அடுத்து என்ன வரும் என்று யோசித்துக்கொண்டே எடையை மாற்றப் பழகுவது இந்தக் குறைக்கு நல்ல பயிற்சி.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் உறுதியாகப் பாருங்கள். மாணவர்களின் முழங்காலை அவர் கவனிக்கிறாரா? மடிந்த முழங்கால் பாத விரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். உள்ளே சரியக் கூடாது, விரல்களைத் தாண்டி முன்னே போகக் கூடாது. எடை ஏறிய காலைத் திருகினால் மூட்டு வலிக்கும். எடையை எடுத்துவிட்டுப் பாதத்தைத் திருப்பி, பிறகு எடையை ஏற்ற வேண்டும். தாழ்ந்து நிற்பதைப் போட்டியாக்கும் வகுப்பு முதியவர்களுக்கு ஆகாது. காலணி தட்டையாக, வழுக்காததாக, மெல்லிய அடிப்பாகத்தோடு இருக்கட்டும். தடித்த மெத்தைக் காலணி பாதத்தின் செய்தியை மறைத்துவிடும்.

தலைசுற்றல் உள்ளவர்கள், அண்மையில் மூட்டு அறுவை செய்துகொண்டவர்கள், எலும்பு மிக மெலிந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பலன் தெரிய அவசரப்பட வேண்டாம். பலன் கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நடந்தவை.

பக்கத்தில் வகுப்பு இல்லாத ஊரில் இருப்பவர்கள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு எடை மாற்றத்தை மட்டுமாவது பழகலாம். முழங்காலைச் சற்று மடித்து, வலது காலுக்கு எடை முழுதாக வந்த பிறகு இடது குதிகாலைத் தூக்குங்கள்; பிறகு மறுபக்கம். ஐந்து நிமிடம் போதும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பெரும்பாலும் நடந்துபோகும் தூரத்திலேயே ஒரு குழு இருக்கும். சீன மொழி தெரியாதே என்று நம் பெரியவர்கள் தயங்கி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதை நிறையப் பார்க்கிறேன். இதற்கு மொழி தேவையில்லை. பார்த்துச் செய்தால் போதும். வீட்டில் எழுபது வயதில் அம்மாவோ அப்பாவோ இருந்தால், தனியாக அனுப்பாமல் முதல் சில வாரம் நீங்களும் கூடப் போய் அவர்கள் பக்கத்தில் நில்லுங்கள்.